கொல்லைக்கும் கோழிக்கும் என்னென்ன சாமான் வேண்டும்? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. நாலு கத்தரி, ரெண்டு மிளகாய், ஒரு முருங்கை, கூடவே ஆறு நாட்டுக்கோழி என்று ஆசை வந்துவிட்டது. சரி, முதலில் எதை வாங்குவது? எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீடு விருதுநகர் பக்கம். கரிசல் மண், வெயில் அதிகம், தண்ணீர் கொஞ்சம். உங்கள் ஊரில் மண் வேறாக இருந்தால் மண்வெட்டியின் எடையும் தண்ணீர்க் கணக்கும் கொஞ்சம் மாறும். மற்றதெல்லாம் அநேகமாக இதேதான்.

முதல் வாரம் கடைப்பக்கம் போகாதீர்கள்

ஒரு வாரம், வீட்டில் இருக்கிற வாளியையும் பழைய விளக்குமாற்றையும் வைத்தே எல்லா வேலையையும் செய்யுங்கள். பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு, குழாயடிக்கும் செடிக்கும் எத்தனை நடை நடந்தீர்கள், எந்தச் சாமானைத் தேடி வீட்டுக்குள் ஓடினீர்கள், எந்த வேலை முடிந்ததும் இடுப்பு வலித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் காகிதத்தில் தண்ணீருக்கு மட்டும் தினம் பதினோரு நடை இருந்தது. மண்ணைக் கொத்தியது அந்த வாரம் முழுக்க ஒரே தடவை. ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் போயிருந்தால் நான் முதலில் வாங்கியிருக்கப்போவது மண்வெட்டிதான்.

தினமும் செய்கிற வேலைக்கான சாமானை நல்லதாகப் பார்த்து முதலில் வாங்குங்கள். வாரத்துக்கு ஒருமுறை வருகிற வேலைக்கானது அடுத்த மாதம். வருடத்துக்கு ரெண்டு தடவை மட்டும் தேவைப்படுகிற கடப்பாரை, ஏணி, மரம் அறுக்கிற ரம்பம் எல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதைக் கழுவித் துடைத்து மறுநாளே கொடுத்துவிட்டால் அடுத்த முறையும் முகம் சுளிக்காமல் தருவார்கள்.

தண்ணீர்ச் சாமான்

குழாயிலிருந்து கடைசிச் செடி வரைக்கும் கயிறு பிடித்து அளந்து, அதைவிட நாலைந்து அடி கூடுதலாக ஹோஸ் வாங்குங்கள். அரை அங்குல ஹோஸ் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். உள்ளே நூல் பின்னல் ஓடுகிற ரகமாகப் பாருங்கள். கடையிலேயே ஒரு முழம் எடுத்து இரண்டாக மடக்கி விடுங்கள். மடிந்த இடம் உடனே நிமிர வேண்டும். வெறும் பிளாஸ்டிக் ஹோஸ் மலிவுதான், ஆனால் நம் ஊர் வெயிலில் மடிந்த இடத்திலெல்லாம் வெடித்துவிடும். குழாயில் மாட்டுகிற இடத்தில் திருகாணி வைத்த கிளாம்பு போடுங்கள். கம்பியைச் சுற்றி முறுக்கினால் ஹோஸ்தான் அறுபடும்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். மத்தியான வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் தேங்கிய தண்ணீர் கை சுடுகிற அளவுக்குக் காய்ந்திருக்கும். அதை நேரே நாற்றில் பிடித்தால் நாற்று துவண்டுவிடும், கோழிக் கலத்தில் பிடித்தால் கோழி வாயே வைக்காது. முதலில் வருகிற சுடுதண்ணீரை முருங்கை மூட்டுக்கு எட்டத் தரையில் விட்டுவிட்டு, குளிர்ந்த பிறகு பிடியுங்கள்.

நாற்றுக்கும் தொட்டிக்கும் பூவாளி வேண்டும். பத்து லிட்டர் பூவாளி நிறைந்தால் பத்து கிலோவுக்கு மேல் கனக்கும், ஒரு கையில் சாய்த்துப் பிடிக்க மணிக்கட்டு தாங்காது. ஐந்து லிட்டர் பூவாளி இரண்டு வாங்கி இரண்டு கையிலும் தூக்குங்கள்; பாரம் சமமாக இருக்கும், முதுகு கோணாது. சல்லடை மூடி கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். உப்புத்தண்ணீர் ஊர்களில் மாதத்துக்கொரு தடவை அதைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டால் அடைத்த கண்கள் திறந்துகொள்ளும்.

மண்வெட்டியும் கணையும்

மண்வெட்டியை எல்லோரும் பார்வைக்குப் பார்த்து வாங்குகிறார்கள். நீங்கள் காதால் கேட்டு வாங்குங்கள். கணை, அதாவது கைப்பிடிக் கம்பு, போடாத வெறும் தகட்டை விரலில் தொங்கவிட்டு ஒரு ஆணியால் தட்டுங்கள். நல்ல எஃகு 'ணங்' என்று நீண்டு ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தாலோ ஒட்டு சரியில்லாவிட்டாலோ ஓசை சட்டென்று செத்துவிடும். அப்புறம் ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

எடை முக்கியம். வயலில் வரப்பு வெட்டுகிற பெரிய மண்வெட்டி ஒன்றரை சென்ட் தோட்டத்துக்குத் தேவையில்லை. வீட்டுப் பெண்கள்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கிறோம். நமக்கு எடை குறைந்த சின்ன மண்வெட்டியும், உட்கார்ந்து களையெடுக்க ஒரு களைக்கொத்தியும் இருந்தால் தொண்ணூறு சதம் வேலை முடிந்துவிடும். நம் பக்கத்துக் கணை பெரும்பாலும் மூன்றடிக்குள்தான் இருக்கும். அதனால்தான் அரை மணி நேரம் கொத்தினால் இடுப்பு பிடிக்கிறது. பட்டறையில் சொல்லி நாலடிக் கணையாகப் போட்டுக்கொண்டால் அவ்வளவு குனிய வேண்டியதில்லை. கடினமான கட்டாந்தரையில் நீளக் கணைக்கு வேகம் குறைவு என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே பண்படுத்திய பாத்தியில் அது நல்ல துணை.

கணை ஆடுவதுதான் அடிக்கடி வருகிற தொல்லை. இதற்கு மண்வெட்டியையே மாற்ற வேண்டாம். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் எனக்குச் செய்து காட்டினார், அப்படியே சொல்கிறேன். பழைய கணையைத் தட்டி வெளியே எடுத்து, தகட்டில் கணை நுழைகிற கண்ணுக்குள் இருக்கிற துருவையும் மண்ணையும் சுரண்டிவிட்டார். காய்ந்த கருவேலங்கணையின் முனையை அரிவாளால் கொஞ்சங்கொஞ்சமாகச் சீவினார். சீவுவது, கண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது, எடுப்பது, எங்கே உரசிக் கறுத்திருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் மறுபடி சீவுவது. இப்படி ஐந்தாறு தடவை. "அவசரப்பட்டு ஒரே வெட்டா வெட்டிட்டா அப்புறம் ஆப்பு வச்சே ஆயுசு போயிரும் தாயி" என்றார். கடைசியில் கணையின் மறுமுனையைக் கல்லில் ஓங்கிக் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் தகடு தன் கனத்தாலேயே கீழே இறங்கி இறுகியது. மேலே ஒரு சின்ன மர ஆப்பு, அவ்வளவுதான். பச்சை மரத்தில் மட்டும் கணை போடாதீர்கள். காய்ந்ததும் சுருங்கிக் கழன்றுவிடும். ஆடத் தொடங்கிய கணையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பி இறுகும் என்பார்கள். இறுகும், ஆனால் வெயிலில் காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். அன்றைக்கு ஒரு நாள் வேலையை முடிக்க மட்டும் அது உதவும்.

அரிவாள், கத்தரி, துறட்டி

புல் அறுக்கப் பல் வைத்த பன்னரிவாள், காய்ந்த மட்டையும் கொப்பும் வெட்ட ஒரு வெட்டரிவாள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு எப்போதும் பேர் உண்டு. அங்கே போக முடியாவிட்டால் உங்கள் ஊர்ச் சந்தையில் லாரி வில்பட்டையில் அடித்த அரிவாளைக் கேட்டு வாங்குங்கள். அந்த எஃகு கூர் நிற்கும், ஓரமும் சுலபத்தில் நெளியாது.

செடிகளைக் கவாத்து செய்ய நல்ல ஸ்பிரிங் வைத்த கத்தரி ஒன்று போதும். ஒரு அலகு இன்னொன்றை உரசிக்கொண்டு போகிற ரகம்தான் பச்சைக் கொப்புக்கு ஏற்றது. இரண்டு அலகும் நேருக்கு நேர் மோதுகிற ரகம் தண்டை நசுக்கிவிடும். நோய் கண்ட செடியை வெட்டிய கத்தரியைச் சோப்புத்தண்ணீரில் கழுவித் துடைக்காமல் அடுத்த செடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஆடு வைத்திருப்பவர்களுக்குத் துறட்டி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அகத்தி, முருங்கை, வேம்பு என்று கிளைக்கு எட்டுகிற நீளத்தில் மூங்கில் கழியும் நுனியில் கொக்கியும். ஒடித்த குழையைத் தரையில் போடாதீர்கள். ஆடு மிதித்த தழையைத் தின்னாது. ஒரு கயிற்றில் கட்டி அதன் தலை உயரத்துக்குத் தொங்கவிட்டால் ஈர்க்கு மட்டும்தான் மிஞ்சும். ஒன்று, மின்கம்பி போகிற பக்கத்தில் துறட்டியைத் தூக்கவே தூக்காதீர்கள். மழையில் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும்.

கோழிக்கூடு

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. முதல் கூட்டுக்கு நான் அறுகோணக் கண் வைத்த கோழி வலையை அடித்தேன். கடையில் அதைத்தான் கோழிக்கூட்டுக்கு என்று கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் மூலையில் வலை கிழிந்து கிடக்கிறது, மூன்று விடைக்கோழிகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடக்கின்றன. கீரி. அந்த வலை கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்காது. இந்த வித்தியாசத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த மூன்றும் முட்டையிட்டிருக்கும்.

ஆகவே கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலையை, வெல்டு மெஷ் என்று கேட்டு வாங்குங்கள். கண் அரை அங்குலம். எலியும், குட்டிப் பாம்பு தவிர மற்ற பாம்பும் அதில் நுழைய முடியாது. ஆணியை வளைத்து அடிக்காமல், வலையின் மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்துத் திருகாணி போடுங்கள். கூடு தரையோடு இருந்தால் வலையை வெளிப்பக்கமாக ஒரு அடி மடித்து மண்ணுக்குள் புதையுங்கள்; தோண்டி வருகிற மிருகம் அந்த மடிப்பிலேயே முட்டிக்கொள்ளும். இதைவிடச் சுலபம், கூட்டைக் கால் வைத்து இரண்டடி உயர்த்திவிடுவது. காற்றோட்டமும் கிடைக்கும், கீழே விழுகிற எச்சத்தை இழுத்து அள்ளவும் வசதி.

பகலில் வெளியே மேய்ந்துவிட்டு ராத்திரி மட்டும் அடைகிற ஆறு கோழிக்கு நாலடிக்கு நாலடிக் கூடு போதும். உள்ளே ஒன்றரை, இரண்டு அங்குல கனத்தில் உருட்டையான மரக்கழி ஒன்று குறுக்கே போடுங்கள். கோழி ராத்திரி தரையில் படுக்க விரும்பாது. இரும்புக் குழாய் வேண்டாம். வெயில் காலத்தில் சுடும், வழுக்கும். கதவைச் சின்னதாக வைத்துவிடுகிறார்கள். நீங்கள் தோள் வரைக்கும் உள்ளே நுழைந்து நாலு மூலையையும் தொட முடிகிற அகலத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் சுத்தம் செய்யவே மனசு வராது. கொண்டி போட்ட பிறகு அதில் ஒரு கொக்கியோ பூட்டோ மாட்டுங்கள். வெறும் கொண்டியை நாய் முட்டி முட்டித் திறந்துவிடும்.

கூட்டைவிட மலிவான, பழைய, இன்றைக்கும் ஈடில்லாத சாமான் ஒன்று உண்டு. பஞ்சாரம். மூங்கில் சிம்பில் முடைந்த கவிழ்ப்புக்கூடை. குஞ்சு பொரித்த தாய்க்கோழியைப் பகலில் இதில் கவிழ்த்து வைத்தால் பருந்தும் காக்காயும் ஒன்றும் செய்ய முடியாது. நோய் கண்ட கோழியைத் தனியே வைக்க, புதிதாக வாங்கி வந்த கோழியை மற்றதோடு சேர்ப்பதற்கு முன் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். மேலே ஒரு கல் வைக்க மறக்காதீர்கள். ராத்திரிக்கு மட்டும் பஞ்சாரத்தை நம்பக்கூடாது, நாய் உருட்டிவிடும்.

தீவனமும் தண்ணீரும்

வளர்ந்த கோழி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் தீவனம். ஆறு கோழிக்கு 600 கிராம், மாதத்துக்கு 18 கிலோ. மேய்ச்சல் இருந்தால் பாதி குறையும். இந்தக் கணக்குக்கு 30 லிட்டர் டிரம் ஒன்று, இறுக்கமான மூடியோடு போதும். மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். ஈரம் ஏறிய மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணத்து நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும். கழுவினாலும் காயவைத்தாலும் அது போகாது. வாடை மாறிய தீவனத்தைப் பணம் போட்டதாயிற்றே என்று பார்க்காமல் குழிவெட்டிப் புதைத்துவிடுங்கள். டிரம்மைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

தீவனம் அள்ளுகிற கரண்டி டிரம்முக்குள்ளேயே கிடக்கட்டும். எச்சம் சுரண்டுகிற தகடு கூட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். இரண்டும் ஒருநாளும் இடம் மாறக்கூடாது. நான் தீவனக் கரண்டியில் பச்சைப் பெயின்ட்டும் எச்சத் தகட்டில் சிவப்புப் பெயின்ட்டும் அடித்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிப் பிள்ளைகளும் மாற்றி எடுப்பதில்லை.

தண்ணீர் தீவனத்தைவிட இரண்டு மடங்கு வேண்டும். சித்திரை வெயிலில் அதற்கும் மேலே. ஆறு கோழிக்கு மூன்று லிட்டர் கலன் வாங்குங்கள். கவிழ்த்துவைத்த டப்பாவும் கீழே தட்டும் இருக்கிற சாதாரண ரகமே போதும். அதைத் தரையில் வைக்காமல் கோழியின் முதுகு உயரத்துக்கு இரண்டு செங்கல் மேல் வையுங்கள். காலால் சீய்த்த மண் உள்ளே விழாது. மரநிழலில் வைக்கலாம், ஆனால் கோழி அடைகிற கிளைக்குக் கீழே வைக்காதீர்கள். தினமும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். விரலால் தடவினால் வழவழப்பு இருக்கக்கூடாது, அதுதான் அடையாளம்.

குஞ்சு வாங்குவதானால்

அடைக்கோழி இருந்தால் உங்களுக்கு ஒரு சாமானும் வேண்டாம். மணலும் வைக்கோலும் போட்ட ஒரு பழைய கூடை, பத்து முட்டை, 21 நாள். ஏழாம் நாள் ராத்திரி, இருட்டில் டார்ச்சின் வாயில் முட்டையை வைத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு நரம்பு சிலந்தி மாதிரி விரிந்திருந்தால் கரு இருக்கிறது. வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் அதை எடுத்துவிடலாம்.

தாய் இல்லாத ஒருநாள் குஞ்சுகளை வாங்கினால்தான் சூடு கொடுக்கிற வேலை. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். இதற்கு எல்இடி பல்பு ஆகாது, அதில் சூடு வராது. பழைய குண்டு பல்பு தேடி வாங்குங்கள். ஒரு குஞ்சுக்கு ரெண்டு வாட் என்று கணக்கு வைத்தால் முப்பது குஞ்சுக்கு ஒரு 60 வாட் பல்பு. பல்பை அதன் ஒயரில் தொங்கவிடாமல் தனியே ஒரு சங்கிலியில் கட்டுங்கள். உமிமேல் விழுந்தால் தீப்பிடித்துவிடும். சங்கிலியாக இருந்தால் ஏற்றி இறக்கவும் வசதி.

தெர்மாமீட்டர் வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி, குஞ்சைப் பாருங்கள். பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது. சுவரோரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்து, ஒன்றிரண்டு கொத்திக்கொண்டு, மெல்லிசாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். எங்கள் பக்கத்தில் வைகாசி மாதம் பகலில் பல்பே தேவைப்படாது.

தரையில் வழவழப்பான காகிதம் விரிக்காதீர்கள், கால் அகன்று நொண்டியாகிவிடும். உமி போட்டு அதன்மேல் முதல் ரெண்டு நாளைக்குப் பழைய சணல் சாக்கை விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். ஒரு விரற்கடை தண்ணீரிலும் குஞ்சு மூழ்கிச் சாகும்.

வெள்ளைக் கழிச்சல் என்கிற கோழிக் கொள்ளைநோய்க்குத் தடுப்பு மருந்து கட்டாயம். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி என்பது வழக்கமான முறை. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இதற்கு வேண்டிய சாமான் ஒரு வாய் அகன்ற தெர்மாஸ் பிளாஸ்க். மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். பாலித்தீன் பையில் போட்டு வெயிலில் கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம்.

அள்ளுவதும் மக்க வைப்பதும்

கூட்டுக்குள் காய்ந்து ஒட்டிய எச்சத்தை விளக்குமாற்றால் தேய்த்துக் கை வலித்துப்போகும். சுவருக்குப் பட்டி பார்க்கிறவர்கள் வைத்திருக்கிற அகலத் தகடு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு தென்னை ஈர்க்குமாறு, ஒரு இரும்புப் பாண்டு. பெருக்குவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கில் துண்டையோ முகக்கவசத்தையோ கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குள் போக வேண்டும், பிள்ளைகளுக்கும் அதைப் பழக்கிவிடுங்கள்.

கோழி எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போடாதீர்கள். தழைச்சத்து அதிகம், வேர் கருகிவிடும். ஒரு கூடை எச்சத்துக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு என்று மாற்றி மாற்றிப் போட்டு மக்க வையுங்கள். மிச்சமான வெல்டு மெஷ்ஷை மூன்றடி அகலத்துக்கு உருளையாக வளைத்துக் கட்டினால் அதுவே குப்பைக் கூடு. நாலு பல் வைத்த மண்வெட்டி ஒன்று இருந்தால் கிளறுவது சுலபம். தட்டை மண்வெட்டி ஈரச் சருகில் வழுக்கும். ஒரு வாரத்தில் குவியலுக்குள் கையை விட்டால் சுட வேண்டும். சுடாவிட்டால் ஈரம் போதவில்லை, இல்லையென்றால் எச்சம் குறைவு. மூக்கைத் துளைக்கிற நெடி வந்தால் சருகைக் கூட்டுங்கள். மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண் வாசனை வந்துவிடும். அதுதான் பதம்.

தெளிப்பான், பொறி

ரெண்டு லிட்டர் கைத்தெளிப்பான் ஒன்று போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, முதலில் அதைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலில் குழப்பிவிட்டு அப்புறம் தண்ணீரை ஊற்றுங்கள். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடித்து முடித்ததும் வெறும் தண்ணீர் ஊற்றி ரெண்டு தடவை பீய்ச்சிவிட்டால் மூக்கு அடைக்காது.

கோழி மேய்கிற கொல்லையில் களைக்கொல்லியும் வேண்டாம், எலி மருந்தும் வேண்டாம். செத்த எலியையும் கோழி கொத்தும். மருந்து தின்ற எலியாக இருந்தால் அந்த விஷம் கோழிக்குள் போகும், முட்டைக்குள்ளும் வரலாம். கம்பி எலிப்பொறி ரெண்டு வைத்து, சுட்ட தேங்காய்ச் சில்லு மாட்டுங்கள்.

பாம்பும் வெட்டுக்காயமும்

டார்ச் லைட்டை நான் தோட்டச் சாமான்களில் முதலிடத்தில் வைப்பேன். முட்டைக்காகவும் எலிக்காகவும் கூட்டுக்குப் பாம்பு வரும். இருட்டில் முட்டை எடுக்கக் கையை உள்ளே விடவே கூடாது. வெளிச்சம் அடித்து, ஒரு குச்சியால் வைக்கோலைக் கிளறிவிட்டு அப்புறம் கை. விறகு, ஓடு, செங்கல் எதையும் கூட்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். மழைக்காலத்துக்கு முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். போடுவதற்கு முன் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள், தேளோ குட்டிப் பாம்போ உள்ளே போய்ச் சுருண்டிருக்கும். கடி பட்டுவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

துருப்பிடித்த தகடு கிழித்தாலும், மண் படிந்த அரிவாள் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டிடி ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். நினைவில்லை என்றால் அன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் ரப்பர் பூசிய பருத்திக் கையுறை ஒரு ஜோடி இருந்தால் இந்தக் காயங்களில் பாதி வராது.

சாணை

ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எட்டு அங்குலத் தட்டை அரம் ஒன்று, எண்ணெய் தோய்த்த துணி ஒன்று. மண்வெட்டியைத் திண்ணை விளிம்பில் வைத்து, கணையைத் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டு, அரத்தை உங்களிடமிருந்து வெளியே தள்ளித் தள்ளி இழையுங்கள். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் அரத்தின் பல் மழுங்கிவிடும். ஏற்கெனவே சரிவாக இருக்கிற பக்கத்தை மட்டும் இழைத்தால் போதும். பதினைந்து இழுப்பு முடிந்ததும் மறுபக்கத்தில் கட்டைவிரலைக் குறுக்காக, ஓரத்தோடு இல்லாமல், மெல்லத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். ஓரம் முழுக்க அது வந்துவிட்டால் கூர் வந்துவிட்டது. பிசிறை மறுபக்கத்தில் ஒரே இழுப்பில் எடுத்துவிடுங்கள். பன்னரிவாளை மட்டும் வீட்டில் தொடாதீர்கள், அதன் பல்லை வெட்டுவது பட்டறை வேலை.

பிறகு எண்ணெய்த் துணியால் எல்லா இரும்பையும் ஒரு துடை. கணைக்கு வேப்பெண்ணெய் தடவினால் பூச்சி அரிக்காது. சுவரில் ஆணி அடித்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் மாட்டுங்கள். பின்னால் கரியால் அதன் உருவத்தை வரைந்துவிட்டால், சாயங்காலம் ஒரு பார்வையிலேயே எது பாத்தியில் விட்டுப்போயிற்று என்று தெரியும். புரட்டாசி கடைசியில், மழை இறங்குவதற்கு முன், கூட்டின் கூரை ஓடுகளைப் பாருங்கள், கொண்டிக்கும் கீலுக்கும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், தீவன டிரம்மின் பலகைக்குக் கீழே இன்னொரு செங்கலைச் சொருகுங்கள்.